சிரித்ததற்கு நான்கு காசு

உருகுவே ஆற்றங்கரையில்
மூடிக் கிடக்கும் இறைச்சி ஆலையின் பேரேட்டில்
அந்தச் சொல்லை முதலில் கண்டவன் யமந்தூ.
லேபிள் ஒட்டும் பிரிவு, 1931.
பெயர், தேதி, அபராதம் நான்கு காசு.
கடைசிக் கட்டத்தின் தலைப்பில் தண்ணீர்க் கறை.
'காரணம்' என்று படித்தேன் நான்.
அதன் கீழே வரிக்கு வரி
சாய்ந்த கையெழுத்தில் 'ரிஸ்', பக்கத்தில் ஒரு புள்ளி.

'ரிசா' என்றால் எங்கள் மொழியில் சிரிப்பு.
பாதிச் சொல்லை முழுச் சொல்லாக்கியவள் நான்.
அவன் இல்லை.
இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்,
பின்னால் மறந்துபோவேன்.

பகலில் மாணவன், இரவில்
பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன்.
எதைக் கையில் கொடுத்தாலும் எண்ணுவான்.
"எண்ணியது போதும், யோசி" என்று
அவன் அத்தியாயத்தின் ஓரத்தில்
ஏழு இடத்தில் எழுதியிருக்கிறேன்.
(ஏழு என்பது அவன் சொன்ன கணக்கு.)

சிரிப்புக்கு விலை வைத்த ஆலை,
என்றேன் மோன்டெவிடியோ கருத்தரங்கில்.
கை தட்டினார்கள்.
ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.
யமந்தூவுக்கு அடிக்குறிப்பில் நன்றி சொல்லியிருந்தேன்,
எட்டுப் புள்ளி எழுத்தில்.

மாத்தே குடுவையை என் பக்கம் நகர்த்திவிட்டு
ஒருநாள் சொன்னான்:
"அந்த வருஷம் பிப்ரவரியில்
பதினைந்து நாள் யாருமே சிரிக்கவில்லை."

எனக்கு உடம்பு சிலிர்த்தது.
துக்கமா, வேலைநிறுத்தமா,
இருநூறு பெண்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு
முதலாளிக்குக் காட்டிய பழிப்பா?
"கூட்டு மௌனம் என்று எழுது," என்றேன்,
"தனி அத்தியாயமே வரும்."
"இன்னும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கிறேன்" என்றான்.
பெருமூச்சு விட்டேன்,
அவனுக்குக் கேட்கிற மாதிரிதான்.

வெள்ளிக்கிழமை ஒரு நகலை மேசைமேல் வைத்தான்.
விடுப்புப் பதிவேடு.
மேற்பார்வையாளர் ஹெனாரோ ரிஸ்ஸோ.
குடலிறக்க அறுவை சிகிச்சை.
பதினைந்து நாள்.

கறைக்குள் இருந்த தலைப்பை
இருவரும் குனிந்து மறுபடி பார்த்தோம்.
'விதித்தவர்' என்றும் படிக்கலாம்.
'விதித்தவர்' என்று மட்டும்தான் படிக்கலாம்.

வெளியே யாரோ ஒரு மோட்டார் சைக்கிளை
உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.
அது கிளம்பவில்லை.
'இதை யார் பார்க்கப் போகிறார்கள்'
என்பது என் நாக்கு நுனிவரை வந்தது.
மீதிச் சில்லறையைக் கொடுத்துவிட்டு
நீங்களும் ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள் என்பவனைப் போல
அவன் காத்திருந்தான்.

கருத்தரங்கக்காரர்களுக்கு எழுதினேன்:
மூன்றாம் பக்கம் முதல் பதினோராம் பக்கம் வரை தவறு,
கண்டுபிடித்தவர் யமந்தூ எச்செவெர்ரி.
இந்த முறை பெரிய எழுத்தில்.
கை தட்டியவர்கள் யாரும் பதில் போடவில்லை.

மாதக் கடைசியில் பல்கலைக்கழகப் படிவம் வந்தது.
'அளித்த வழிகாட்டுதல்' என்று ஒரு கோடு.
'எண்ணிப் பார்க்கச் சொன்னேன்' என்று எழுதி
அடித்துவிட்டேன்.
அடித்தது இன்னும் தெரிகிறது.

அவன் ஆய்வில் இப்போது சிரிப்பு இல்லை.
ரிஸ்ஸோ இருக்கிறார்.
யாரிடம் எத்தனை காசு பிடித்தார்,
இத்தாலியப் பெயர் என்றால் எவ்வளவு,
பல்கேரியப் பெயர் என்றால் எவ்வளவு.
ஓர் அட்டவணை மட்டும்
எதற்கென்று எனக்குப் புரியவில்லை:
அந்தப் பதினைந்து நாளில் லேபிள் ஒட்டிய டின்கள்.
வழக்கத்தைவிட ஒன்பது அதிகம்.

"அப்போதுதான் சிரித்திருப்பார்கள், இல்லையா?" என்றான்.

'ஆதாரம்?' என்று எழுதப் பென்சிலை எடுத்தேன்.
கேள்விக்குறியை மட்டும் போட்டு
அவனிடம் கொடுத்தேன்.